அந்த 200 உங்கள் கேமராவுக்கு இல்லை

கேள்வி: சொந்த ஊர் கலவை. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் முகூர்த்த நாள்களிலும் போட்டோ எடுக்கப் போவேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சின்னச் சின்னக் கல்யாணங்கள் என்று ஆர்டர் வருகிறது. கையில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனான் 1500டி. போன மாதம் ஒரு காதுகுத்தில் பாதியில் ‘கார்டு எரர்’ என்று வந்து கேமரா நின்றுவிட்டது. மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்த படமெல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்தக் கார்டை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். புதுக் கார்டு வாங்கப் போனால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வேலூரில் ஒரு கடைக்காரர், “200 எம்.பி. ஸ்பீடு, 256 ஜி.பி. எடுத்துக்கோங்க, அப்புறம் கவலையே இல்ல” என்கிறார். எங்கள் ஊர் ஸ்டூடியோ அண்ணன், “பழைய 32 ஜி.பி.யே போதும்டா” என்கிறார். ஆன்லைனில் 1 டி.பி. கார்டே ஐந்நூறு ரூபாய்க்கு வருகிறது. அடுத்த வருடம் வீடியோவுக்காக சோனி இசட்.வி.-இ10 வாங்கும் எண்ணமும் இருக்கிறது. கம்பெனியில் சாம்பிள் ஷூக்களைப் படமெடுத்துத் தரச் சொல்கிறார்கள். நான் எந்தக் கார்டு வாங்க வேண்டும்? போன படங்கள் திரும்பக் கிடைக்குமா?

— வாசகர், கலவை

பதில்: தம்பி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரம் அதில்தான். அந்தக் கார்டைக் கேமராவில் மறுபடி போடாதீர்கள். போட்டு ‘ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமே’ என்று சோதிக்கவும் வேண்டாம். புதிதாக ஏறும் ஒவ்வொரு படமும் பழைய படம் ஒன்றின் மேல் உட்கார வாய்ப்பு இருக்கிறது.

கார்டைக் கணினியில் செருகும்போது ‘இதில் பிழை இருக்கிறது, சரிசெய்யவா?’ என்றோ ‘ஃபார்மட் செய்யவா?’ என்றோ கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் வேறொரு கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள். கார்டின் பின்புறத் தகடுகளை உலர்ந்த பருத்தித் துணியால் மெல்லத் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போய் ஒட்டும். கணினி கார்டைக் கண்டுகொண்டால் ‘போட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். மீட்கும் படங்களை அதே கார்டில் சேமிக்காமல் கணினியின் வேறு டிரைவில் சேமிக்க வேண்டும். இது மட்டும் தவறவே கூடாது. கார்டில் படங்கள் அழிந்துபோனதாகத் தெரியும்போது பெரும்பாலும் போயிருப்பது, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான். பொருளடக்கப் பக்கம் கிழிந்த புத்தகம் மாதிரி, உள்ளே அத்தியாயங்கள் அப்படியே இருக்கும். எந்த ரீடரிலும், எந்தக் கணினியிலும் கார்டு தலைகாட்டவே இல்லையென்றால் அது வேறு கதை. உள்ளே இருக்கும் சில்லு அல்லது அதை ஆளும் கட்டுப்பாட்டுச் சுற்று செத்திருக்கலாம். அதற்கு டேட்டா ரெகவரி செய்பவர்களிடம்தான் போக வேண்டும். செலவு கூடுதலாகும். அந்தக் குடும்பத்திடம் சொல்லி முடிவெடுங்கள். காது இரண்டாவது தடவை குத்த முடியாதே.

இனி அந்த 200. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கார்டின் மேல் அப்படித்தான் அச்சிட்டிருக்கும். ஆனால் அது உங்கள் கேமராவுக்கான எண் இல்லை.

1999-இல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் சேர்ந்து எஸ்.டி. கார்டைக் கொண்டுவந்தன. அதிலிருந்து கார்டின் உருவம் மாறவில்லை, உள்ளே ஓடும் வேகம் மட்டும் தலைமுறை தலைமுறையாக ஏறிக்கொண்டே வந்தது. இன்று கடைகளில் அதிகம் கிடைப்பது யு.எச்.எஸ்.-1 வகை. கார்டின் மேல் ரோமன் எண் ஒன்று போல ஒற்றைக் கோடு தெரியும். இந்த வகையின் உச்ச வரம்பு நொடிக்கு 104 எம்.பி. அப்படியானால் 170, 200 எல்லாம் எங்கிருந்து வந்தன? சில நிறுவனங்கள் அந்த வரம்பைத் தாண்டத் தங்களுக்கென்று ஒரு தனி வழியை வைத்திருக்கின்றன. அந்த வழி தெரிந்த ரீடரில் கார்டைப் போட்டால்தான் அந்த வேகம் வரும். உங்கள் 1500டி-க்கோ, வாங்கப்போகும் சோனிக்கோ அது தெரியாது. இன்னொன்று, பெரிதாக அச்சிடுவது பெரும்பாலும் படிக்கும் வேகத்தை, அதாவது கார்டிலிருந்து கணினிக்குப் படங்கள் போகும் வேகத்தை. கேமராவுக்கு வேண்டியதோ எழுதும் வேகம். அது அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், சில கார்டுகளில் அதுவும் இருக்காது.

பார்க்க வேண்டிய குறி வேறு. ஆங்கில ‘யு’ எழுத்துக்குள் 3 இருக்கிறதா, அல்லது ‘வி’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 30 இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: எவ்வளவு நேரம் தொடர்ந்து எழுதினாலும் நொடிக்கு 30 எம்.பி.க்குக் கீழே இறங்காது. கிளாஸ் 10, யு1, வி10 மூன்றும் 10 எம்.பி.க்கு உறுதி தருகின்றன. வி60, வி90 அப்படியே 60, 90. உச்சத்தில் எவ்வளவு ஓடும் என்பது விளம்பரம். எவ்வளவுக்குக் கீழே இறங்காது என்பதுதான் உத்தரவாதம். வீடியோ நடுவில் அறுந்துபோவது இந்தக் கீழ்வரம்பு போதாமல்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் 1500டி முழு எச்.டி. வீடியோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 330 எம்.பி. எழுதும். நொடிக்கு 6 எம்.பி.கூட வரவில்லை. ஸ்டூடியோ அண்ணன் சொன்னது இந்தக் கேமராவைப் பொறுத்தவரை சரிதான், நல்ல கிளாஸ் 10 கார்டே போதும். ஆனால் நீங்கள் சோனி வாங்கப் போகிறீர்கள். அதில் 4கே வீடியோவின் உயர்ந்த அமைப்பு 100 எம்.பி.பி.எஸ். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மிரண்டுபோய் விலையுயர்ந்த கார்டை வாங்குகிறார்கள். கேமரா சொல்லும் 100 மெகாபிட், கார்டில் அச்சிட்டிருப்பது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்.பி. அவ்வளவுதான். கிளாஸ் 10-இன் உறுதியை அது கொஞ்சம் தாண்டுகிறது. அதனால்தான் அந்த அமைப்புக்கு யு3 கார்டு வேண்டும் என்று சோனியே சொல்கிறது. வி30 வாங்கினால் இரண்டு கேமராவுக்கும் பொருந்தும்.

வி60, வி90 கார்டுகளின் பின்புறம் இரண்டாவது வரிசையாகத் தகடுகள் இருக்கும். அது யு.எச்.எஸ்.-2. உங்கள் இரண்டு கேமராவிலும் அந்த இரண்டாவது வரிசையைத் தொடும் ஊசிகள் கிடையாது. போட்டால் வேலை செய்யும், ஆனால் பழைய வேகத்தில்தான். பல மடங்கு விலை கொடுத்ததற்குப் பலன் இல்லை. ஏ1, ஏ2 என்ற குறிகள் செல்போனில் ஆப் ஓட்டுவதற்கு. அவற்றைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

வீடியோ இல்லாமல் படம் மட்டும் எடுத்தால் வேகம் எங்கே உறைக்கும்? வரிசையாகச் சுடும்போது. மாசியில் மயானக்கொள்ளைக்குப் போயிருப்பீர்கள். அம்மன் வேடம் கட்டியவர் சூறைவிட வரும் அந்த நொடியில் விரலை எடுக்காமல் அழுத்துவோம். 1500டி நொடிக்கு 3 படம் எடுக்கும். ரா முறையில் பத்துப் படத்தை ஒட்டி அதன் உள்நினைவு நிரம்பிவிடும். வ்யூஃபைண்டரில் ‘பிஸி’ என்று வரும், கேமரா கார்டில் எழுதி முடிக்கும்வரை நீங்கள் சும்மா நிற்க வேண்டியதுதான். மட்டமான கார்டு என்றால் அந்தக் காத்திருப்பு நீளும். வி30 கார்டைவிட வேகமானது வாங்கினாலும் உங்கள் கேமராவில் அந்த நேரம் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் அதற்குமேல் கேமராதான் மெதுவாக எழுதுகிறது. அந்தக் கூட்டத்துக்கு ரா வேண்டாம், ஜேபெக் வைத்துக்கொள்ளுங்கள். குங்குமமும் விபூதியும் பறக்கும் இடத்தில் கார்டு மாற்றவும் வேண்டாம்.

அடுத்தது கொள்ளளவு. கடைக்காரரோடு நான் ஒத்துப்போகாத இடம் இதுதான். 1500டி-யில் ஒரு பெரிய ஜேபெக் 7 அல்லது 8 எம்.பி., ஒரு ரா 25 முதல் 30 எம்.பி. 64 ஜி.பி. கார்டில் ஜேபெக் மட்டும் எடுத்தால் ஏறக்குறைய எட்டாயிரம், ரா மட்டும் எடுத்தால் இரண்டாயிரம், வீடியோ மட்டும் என்றால் மூன்று மணி நேரம். கலவையிலோ திமிரியிலோ ஒரு மண்டபக் கல்யாணத்துக்கு, முதல்நாள் ரிசப்ஷனையும் சேர்த்தாலும் இது நிரம்பாது. 256 ஜி.பி. வாங்கினால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? ஆறு மாத ஆர்டர்கள் அதிலேயே கிடக்கும். ‘இடம்தான் இருக்கே’ என்று கணினிக்கு ஏற்றாமல் தள்ளிப்போடுவீர்கள். ஒருநாள் ‘எரர்’ வந்தால் ஒரு காதுகுத்தோடு போகாது, ஆறு குடும்பம் வாசலில் வந்து நிற்கும்.

1500டி-யில் கார்டு போட ஒரே ஒரு இடம்தான். ஒரே படத்தை இரண்டு கார்டில் எழுதும் வசதி அதில் இல்லை, இசட்.வி.-இ10-இலும் இல்லை. பெரிய கல்யாண போட்டோகிராபர்கள் இரண்டு ஸ்லாட் உள்ள கேமராவுக்குக் கூடுதல் காசு கொடுப்பதே இதற்காகத்தான். நமக்கு இருக்கும் வழி, நிகழ்ச்சியைப் பிரிப்பது. 64 ஜி.பி. கார்டு இரண்டு வாங்குங்கள். ரிசப்ஷன் ஒன்றில், காலை முகூர்த்தம் இன்னொன்றில். காலையில் எல்லாம் ஒரே நிகழ்ச்சி என்றால், தாலி கட்டி, குடும்பப் படங்கள் எடுத்து முடித்து, எல்லாரும் பந்திக்கு நகரும்போது மாற்றுங்கள். அதற்காக 16 ஜி.பி. கார்டாகப் பத்து வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. கார்டு தானாகக் கெட்டுப் படம் போவதைவிட, ஆள் கைமறதியில் போவதுதான் அதிகம்: எடுத்து முடித்த கார்டை வெற்றுக் கார்டு என்று நினைத்து ஃபார்மட் போடுவது, பேன்ட் பையோடு துவைக்கப் போடுவது, எழுதும் விளக்கு எரியும்போதே மூடியைத் திறப்பது. இரண்டு கார்டு என்றால் மனதில் நிற்கும். டப்பா ஒன்று வாங்கி, எடுத்து முடித்த கார்டை முகம் கீழே கவிழ்த்து வையுங்கள். பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டுத் தாழைக் கீழே இழுத்துவிட்டால், கேமராவில் தெரியாமல் போட்டாலும் அழிக்க முடியாது.

64 ஜி.பி. வாங்குமுன் ஒன்று பாருங்கள். உங்கள் ஆல்பம் டிசைன் செய்பவரிடம் இருக்கும் ரீடரும் கணினியும் எந்தக் காலத்தவை? 32 ஜி.பி. வரை உள்ள கார்டு எஸ்.டி.எச்.சி., அதற்கு மேலே 2 டி.பி. வரை எஸ்.டி.எக்ஸ்.சி. கோப்புகளை அடுக்கும் முறையே இரண்டிலும் வேறு. ரொம்பப் பழைய ரீடரில் 64 ஜி.பி. கார்டைப் போட்டால், ‘இது ஃபார்மட் செய்யப்படவில்லை, செய்யவா?’ என்று கேட்கும். கடைப் பையன் ‘சரி’யை அழுத்தினால் முடிந்தது. கார்டை யார் கையிலும் கொடுக்காமல், படங்களை நீங்களே ஏற்றி ஹார்ட் டிஸ்கில் கொடுங்கள். அந்த 200-க்குக் கொடுக்க நினைத்த கூடுதல் பணத்தில் ஒரு நல்ல யு.எஸ்.பி. 3 ரீடர் வாங்கிவிடலாம். பழைய யு.எஸ்.பி. 2 ரீடரில் 64 ஜி.பி. ஏற முக்கால் மணி நேரம்வரை ஆகும். புதியதில் சாதாரண வி30 கார்டே கால் மணியில் முடிந்துவிடும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது இங்கேதான்.

ஐந்நூறு ரூபாய் 1 டி.பி. கார்டை மறந்துவிடுங்கள். அது கார்டே இல்லை, மோசடி. உள்ளே இருப்பது 8 அல்லது 16 ஜி.பி. சில்லு. கேட்டால் ‘நான் 1 டி.பி.’ என்று பொய் சொல்லும்படி கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றியிருப்பார்கள். முதல் சில நூறு படங்கள் ஒழுங்காக ஏறும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எடுப்பது எல்லாம் எங்கும் எழுதப்படாது, அல்லது பழையதன் மேலேயே எழுதப்படும். கேமரா ஒரு வார்த்தை எச்சரிக்காது. வீட்டுக்கு வந்து திறக்கும்போதுதான் பாதிப் படம் சாம்பலாகத் தெரியும். பெரிய பெயர்களின் அட்டையை அச்சு அசலாக அடித்து விற்கும் போலிகளும் உண்டு. அதனால் சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் வேலூராக இருந்தாலும், பில்லும் உத்தரவாதமும் தரும் கடையில் வாங்குங்கள். ஆன்லைன் என்றால் விற்பவர் யார் என்று பாருங்கள். வாங்கியதும், முதல் ஆர்டருக்கு முன்பே, விண்டோஸ் கணினியில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, மேக் அல்லது லினக்ஸில் ‘எஃப்3’ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். கார்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, சொன்ன இடம் நிஜமாக இருக்கிறதா என்று சொல்லிவிடும். ஒரு மணி நேரம் ஆகலாம், ஆகட்டும். 64 ஜி.பி. கார்டு கணினியில் 59.6 என்று காட்டினால் பதறாதீர்கள். ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதற்கும் 1,024 ஆக எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

ஷூ சாம்பிளுக்கு வருவோம். மேஜையில் வைத்து நிதானமாக ஒவ்வொன்றாக எடுக்கும் வேலைக்கு வேகமே வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய 16 ஜி.பி. கார்டு நல்ல நிலையில் இருந்தால் போதும். ரா முறையில் எடுங்கள். டான் நிறமும் காக்னாக் நிறமும் படத்தில் ஒன்றுபோலத் தெரிந்தால் பையர் சும்மா விடமாட்டார். அதற்கு நல்ல விளக்கும் ஒரு சாம்பல்நிற அட்டையும் உதவும், கார்டு உதவாது. ஆனால் அந்தக் கார்டு கம்பெனிக்கென்று தனியாக இருக்கட்டும். கடைக்கு வராத அடுத்த சீசன் மாடல்கள் அதில் இருக்கும். அழித்துவிட்டோம் என்று நினைத்து அதே கார்டைக் கல்யாணத்துக்கு எடுத்துப்போய் வேறொருவரிடம் கொடுத்தால், மேலே உங்கள் காதுகுத்துப் படத்துக்குச் சொன்னேனே, அதே போட்டோரெக் அந்த ஷூக்களையும் எடுத்துக் கொடுத்துவிடும். வேலைக்கே ஆபத்து. டேனரிக்குள் போய்ப் படமெடுக்கும் நாள் வந்தால், பச்சைத் தோல் உப்போடு கிடக்கும் பக்கத்தில் கார்டு மூடியைத் திறக்காதீர்கள். உப்பும் ஈரமும் ஸ்லாட்டின் ஊசிகளுக்கு ஆகாது.

நம் ஊர் வெயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பலர் கேட்பார்கள். நல்ல கார்டுகள் 85 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும் என்று அவற்றின் விவரக்குறிப்பே சொல்கிறது. அக்னி நட்சத்திரத்தில் கார்டுக்கு முன்னால் நீங்கள்தான் விழுவீர்கள். ஆனால் கார்டைப் பீரோவில் வைத்துப் படங்களைச் சேமிக்கும் பழக்கம் வேண்டாம். ஃபிளாஷ் நினைவகத்தில் படம் என்பது நுண்ணறைகளில் அடைபட்ட மின்னூட்டம். வருடக்கணக்கில் அது கசியும், சூட்டில் இன்னும் வேகமாகக் கசியும். அன்றிரவே கணினியிலும் தனி ஹார்ட் டிஸ்கிலும் ஏற்றிவிட்டு, இரண்டும் திறக்கிறதா என்று பார்த்த பிறகு, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கணினியில் ஃபார்மட் செய்வதைவிட அதுவே நல்லது. பேட்டரி ஒரு கட்டைக்கு இறங்கியதும் மாற்றிவிடுங்கள். எழுதும் நடுவில் மின்சாரம் நிற்பதும் கார்டு எரருக்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆக, இப்போது வாங்க வேண்டியது பெயர் தெரிந்த நிறுவனத்தின் 64 ஜி.பி., வி30, யு.எச்.எஸ்.-1 கார்டு இரண்டு. சோனி வந்தபின் 128 ஜி.பி. வி30 இரண்டு, ஏனென்றால் 4கே அந்த அமைப்பில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. தின்னும். எரர் காட்டிய பழைய கார்டிலிருந்து படங்களை மீட்டாலும் மீட்காவிட்டாலும் அதை இனி எந்த ஆர்டருக்கும் எடுத்துப் போகாதீர்கள்.

கேள்வி: அப்பா 2005-ஐ ஒட்டி வாங்கிய சின்ன டிஜிட்டல் கேமரா வீட்டில் இருக்கிறது. இப்போது தோழிகள் எல்லாரும் அந்தப் பழைய கலரைத்தான் கேட்கிறார்கள். புதுசாக 64 ஜி.பி. கார்டு வாங்கிப் போட்டால் ‘கார்டைப் பயன்படுத்த முடியாது’ என்கிறது. கேமரா கெட்டுவிட்டதா?

— கல்லூரி மாணவி, ஆம்பூர்

பதில்: கேமரா நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. முதல் தலைமுறை எஸ்.டி. கார்டின் வரம்பே 2 ஜி.பி. 2006-இல் எஸ்.டி.எச்.சி. வந்தபோது உருவம் மாறவில்லை, உள்ளே இடங்களை எண்ணும் முறை மாறிவிட்டது. உங்கள் கேமராவுக்கு அந்தப் புது எண்ணிக்கை தெரியாது. 64 ஜி.பி. கார்டைக் கணினியில் 2 ஜி.பி.யாகப் பிரித்துப் போட்டாலும் அதற்குப் புரியாது. கார்டு மூடியைத் திறந்து பக்கத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். வெறும் எஸ்.டி. என்றால் 2 ஜி.பி. வரை, எஸ்.டி.எச்.சி. என்றிருந்தால் 32 ஜி.பி. வரை. கார்டு உள்ளேயே நுழையவில்லை என்றால் அது ஒலிம்பஸ், ஃபியூஜிஃபிலிம் கேமராக்களின் எக்ஸ்.டி. கார்டாகவோ சோனியின் மெமரி ஸ்டிக்காகவோ இருக்கலாம். கேமராவையே கடைக்கு எடுத்துப்போய்க் காட்டுங்கள். 2 ஜி.பி. கார்டு புதிதாகக் கிடைப்பது அரிது, பழைய செல்போன், கேமரா சாமான் வைத்திருக்கும் கடைகளில் கேளுங்கள். 5 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் 2 எம்.பி.யை ஒட்டித்தான் வரும். 2 ஜி.பி.யில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் படங்கள் அடங்கும். கேமராவின் பேட்டரி அதற்கு முன்பே தீர்ந்துவிடும்.